ஆறு பூட்டுப் பெட்டி

தொழிற்சாலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிம்னி என்றுதான் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு நிஜமாகவே ஒரு சிம்னி உண்டு. பாய்லர் அறைக்கு மேலே கறுப்பாக, நெட்டையாக நிற்கும். அது ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும், இவர் எடுக்க மாட்டார், அதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது என்று எலெக்ட்ரீஷியன் சொல்வான்.

பராமரிப்புப் பிரிவில் தலைமை மெக்கானிக். மெஷின் நின்றால் அவரைத் தேடுவார்கள். அவர் வருவார். மெஷினைச் சுற்றி ஒரு நடை நடப்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கையில் ஸ்பேனரை வைப்பார்கள். பழையவர்கள் தீப்பெட்டியை வைப்பார்கள். காகிதம் மலையாகக் குவிந்திருக்கும் இடத்தில் பற்றவைத்தால் வேலை போய்விடும் என்பதால் தீப்பெட்டியோடு பாய்லர் அறைக்குப் பின்னால் போவார். திரும்பி வரும்போது மெஷினுக்கு என்ன கோளாறு என்று தெரிந்திருக்கும். புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவரும் நம்பினார், மேனேஜரும் நம்பினார்.

சிகரெட்டை விடுவது அவருக்குப் புதிதல்ல. மகள் பிறந்தபோது விட்டார். கடைவாய்ப்பல் பிடுங்கியபோது விட்டார். விலை ஏறியபோது கோபித்துக்கொண்டு விட்டார். ஒவ்வொரு முறையும் விட்ட சந்தோஷத்தில் ஒன்று பற்றவைப்பார், கதை அங்கே முடிந்துவிடும்.

இந்த முறை இடது கெண்டைக்கால் குறுக்கே வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் கால் இறுகிக் கல்லாகிவிடும். நிற்க வேண்டும். நின்றால் சரியாகிவிடும். நடுத்தெருவில் சும்மா நிற்க முடியுமா? அங்கே ஒரு கைப்பைக் கடை இருந்தது. பெண்கள் கைப்பை மட்டும் விற்கும் கடை. அதன் கண்ணாடி முன்னால் நின்று, உள்ளே தொங்குகிற பைகளை ரசிப்பதுபோலப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். கடைக்காரப் பெண் கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு ஒருநாள் கதவைத் திறந்தாள்.

"அக்காவுக்கு என்ன கலர் சார் பிடிக்கும்?"

கால் வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம். பழுப்பு நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

மனைவி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுப்பவர். தையலைப் பார்த்தே பொருளின் வரலாற்றைச் சொல்லிவிடுவார். மனிதர்களுக்கும் அதே முறைதான்.

"பை நல்லா இருக்கு. என்ன தப்பு பண்ணீங்க?"

"தப்பு பண்ணாத்தான் வாங்கணுமா?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு நீங்க வாங்கின பை, அரிசிப் பை. சொல்லுங்க, என்ன ஆச்சு?"

மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பாதத்தில் விரலை வைத்துத் தேடினார். வேறு இடத்தில் வைத்தார். நாடி கிடைக்கவில்லை.

"ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. மருந்து தரேன், நடக்கணும். ஆனா காலா சிகரெட்டா, ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்கலாம்."

"எந்தக் கால் டாக்டர்?"

"இப்போதைக்கு இடது."

அவர் இடது காலையும் வலது காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோசிக்கிறாரு பாருங்க டாக்டர்" என்றார் மனைவி.

அடுத்த நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு சிகரெட் பாக்கெட்டை நெஞ்சுப் பையில் வைத்தார். அது நேராகத் தரையில் விழுந்தது. குனிந்து பார்த்தார். பை இல்லை. பை இருந்த இடத்தில் வெயில் படாத துணி மட்டும் அடர்ந்த நீலத்தில் சதுரமாகத் தெரிந்தது. வேறு சட்டையை எடுத்தார். அதிலும் சதுரம். அலமாரியில் இருந்த எல்லாச் சட்டையிலும் சதுரம். பேண்ட்டைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் தையல் போட்டு மூடியிருந்தது.

"பஸ் சீட்டு எங்க வைக்கிறதாம்?"

"கையில வச்சுக்கோங்க. கைக்கும் ஒரு வேலை வேணும்ல."

அவர் சளைத்தவரா? மூன்று பேட்டரி போடும் நீளமான டார்ச் ஒன்று வீட்டில் இருந்தது. பேட்டரிகளைக் கழற்றிவிட்டு உள்ளே சிகரெட்டை அடுக்கினார். அளவு அச்சாகப் பொருந்தியது. இவ்வளவு நாளாக டார்ச்சை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது. அந்த வாரமே ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. மனைவி டார்ச்சை எடுத்து அழுத்தினார். எரியவில்லை. தட்டினார். மூடியைத் திருகினார். இருட்டில் மெத்து மெத்தென்று என்னவோ மடியில் விழுந்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"ஏங்க, இது என்ன பேட்டரி?"

இருட்டு அவருக்கு வசதியாக இருந்தது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவர் பிறகு நினைத்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் மனைவி வேறு ஒன்றைக் கேட்டார்.

"மெஷினுக்குள்ள கையை விடுறதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் பூட்டுப் போடுவீங்களே, அது எப்படின்னு இன்னொரு தரம் சொல்லுங்க."

அது அவருக்குப் பிடித்த பாடம். முழங்காலில் தட்டிக்கொண்டு சொன்னார். ஸ்விட்சை அணைத்ததும் அதன் கைப்பிடியில் ஒரு இரும்புக் கவ்வியை மாட்டுவோம். கவ்வியில் ஆறு ஓட்டை. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் பூட்டை ஒரு ஓட்டையில் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்வான். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் கவ்வி விரியாது, மெஷின் ஓடாது. பூட்டைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். அவன் அண்ணனாக இருந்தாலும், மேனேஜராக இருந்தாலும் அடுத்தவன் தொடக் கூடாது.

"எடுக்க மறந்துட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டா?"

"போய்க் கூட்டிட்டு வரணும். எலெக்ட்ரீஷியன் பூட்டை மாட்டிட்டுத் தன் கல்யாணத்துக்கே போயிட்டான்ல. மாப்பிள்ளையக் கோட்டு சூட்டோட கூட்டிட்டு வந்து திறக்க வச்சேன். பொண்ணும் கூட வந்துச்சு."

"வெட்டிட வேண்டியதுதானே?"

"வெட்டலாம். அதுக்கு முறை இருக்கு. ஆள் உள்ள இல்லைன்னு உறுதி பண்ணணும். எல்லாரையும் கூட்டிக் கேக்கணும். எல்லாரும் சரின்னு சொல்லணும். அப்புறம் வெட்டலாம். நான் இருக்கிறவரைக்கும் ஒரு பூட்டைக்கூட வெட்ட விட்டதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் எதற்காகக் கேட்டார் என்ற சந்தேகம் வந்தது. அதற்குள் மனைவி தொழிற்சாலை வெல்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். இரும்புத் தகட்டில் சிவப்புச் சாயம் அடித்த பெட்டி ஒன்றை வெல்டர் கொண்டுவந்திருந்தார். சிம்னியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். மரியாதை என்பதை இருவரும் ஒருவரிடம் ஒருவர் எதிர்பார்த்ததில்லை. எலெக்ட்ரீஷியன் கவ்வி கொண்டுவந்தான். கேன்டீன் அக்கா தன் டிபன் கேரியர் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மகள் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். பாலங்களுக்குக் கணக்குப் போடும் வேலை. எவ்வளவு பாரம் ஏற்றினால் எது எங்கே உடையும் என்று சொல்வாள். வீட்டில் அதிகம் பேச மாட்டாள்.

டார்ச்சில் கிடைத்த சிகரெட்டுகளை மனைவி ஒரு பாக்கெட்டில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

"தூக்கிப் போட்டா வேற வாங்குவாரு. அதனால தூக்கிப் போடல. இனிமே இவரு பிடிக்கிறதா இருந்தா இதைத்தான் பிடிக்கணும். இது தீர்ற வரைக்கும் வேற தொடக் கூடாது. சரியா?"

"சரி" என்றார் சிம்னி. ஒரு பெட்டியைத் திறக்கத் தெரியாதவன் மெக்கானிக்கா என்று அவருக்குள்ளே ஒரு நிம்மதி இருந்தது.

எல்லோரும் பூட்டினார்கள். வேலையில் இருப்பதுபோலவே முதல் பூட்டு அவருடையது. கடைசிப் பூட்டு மனைவியுடையது, பித்தளை, தையல் பெட்டிக்குப் போடுவது. சாவியை அந்தப் பழுப்புக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன் சாவியோட நீ ஊருக்குப் போயிடு" என்று மகளிடம் சொன்னார். "இவரு வந்து கெஞ்சணும்னா ரயில் பிடிக்கணும்."

முதல் வாரம் தொழிற்சாலையில் யாரும் அவர் பக்கம் போகவில்லை. ஸ்பேனரைத் தப்பாகக் கொடுத்தவனைத் திட்டினார். சரியாகக் கொடுத்தவனையும் திட்டினார். மெஷினைச் சுற்றி நடந்து கையை நீட்டினால் கேன்டீன் அக்கா சொல்லிவைத்தபடி அதில் வெள்ளரித் துண்டை வைத்தார்கள். அக்கா அதைச் சிகரெட் நீளத்துக்கு, சிகரெட் பருமனுக்கு நறுக்கி டப்பாவில் போட்டு அனுப்புவார். அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ரோலரைப் பார்த்தபடி நிற்பார். நடுவில் ஒருதரம் விரலால் தட்டிச் சாம்பலை உதிர்ப்பார்.

"அண்ணே, தீ வேணுமாண்ணே?" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"உன் பூட்டுச் சாவி எங்கடா?"

"என் பொண்டாட்டிகிட்டண்ணே. அன்னைக்குக் கோட்டு சூட்டோட நடக்க வச்சீங்கள்ல, அதை அவ இன்னும் மறக்கல."

தொழிற்சாலை வாசலில் இருந்த பெட்டிக்கடையில் முயன்றுபார்த்தார். வேறு தொடமாட்டேன் என்று சொன்னது வீட்டில். கடை தெருவில் இருக்கிறது என்பது அவர் வாதம். கடைக்காரர் தலையாட்டினார்.

"உங்களுக்குக் கிடையாது சார். வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க சொன்னா? வியாபாரம் உனக்கா அவங்களுக்கா?"

கடைக்காரர் எழுந்து நின்று காலைக் காட்டினார். பேண்ட் அளவாக, கணுக்காலில் மடிப்பு அழகாக இருந்தது. "எங்க எடுத்தாலும் எனக்கு நீளமாத்தான் இருக்கும் சார். இருக்கிற எல்லாத்தையும் குறைச்சுக் கொடுத்திருக்காங்க. சும்மா."

அடுத்த தெருக் கடைக்காரருக்குப் புதுச் சட்டை. அதற்கடுத்த கடைக்காரர் மகளுக்குப் பாவாடை. மனைவி பஸ் நிறுத்தம் வரைக்கும் தைத்துக்கொண்டே போயிருந்தார்.

மிச்சம் இருந்தது பெட்டி. மனைவி துணி கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அதை அலமாரி மேலிருந்து இறக்கினார். எல்லோரும் பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெட்டியின் முதுகில் இருக்கும் கீலை யார் பார்ப்பார்கள்? கீலில் இருக்கும் ஊசியைத் தட்டி எடுத்தால் மூடி பின்பக்கமாகத் திறந்துகொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். விதியை மீறியதாகவும் ஆகாது. சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினார்.

கீலின் இரண்டு முனையிலும் வெல்டு வைத்திருந்தது. சீரான, மீன்செதில் மாதிரியான வெல்டு. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுழி. அந்தச் சுழியை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார். பெட்டியை அப்படியே எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் வெல்டர் ஒரு தாங்கியை ஒட்டிக்கொண்டிருந்தார். சிம்னி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குய்யா. சுழிதான் கொஞ்சம் பெருசாகிடுது உனக்கு."

"இதுலதான் இன்னும் முடிக்கவே இல்லையே. எதுல பாத்த?"

சிம்னி வாயை மூடிக்கொண்டார். வெல்டர் முகமூடியைத் தூக்கினார். சிரிப்பு மெதுவாகப் பரவியது.

"ஓ. பெட்டியத் திருப்பியாச்சா."

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் பாய்லர் வரைக்கும் தெரிந்துவிட்டது. கேன்டீன் அக்கா வெள்ளரி டப்பாவோடு ஒரு சுத்தியலையும் சேர்த்து வைத்து அனுப்பினார்.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஒரே கேள்விதான்.

"கால் எப்படி இருக்குப்பா?"

"ரெண்டு இருக்கு."

"சரி." வைத்துவிடுவாள்.

கடைசியாக அவர் ஒரு பெரிய திட்டம் போட்டார். மகள் விடுமுறைக்கு வந்திருந்த நேரம். எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். சாவியோடு. முகத்தை வேலை முகமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"பூட்டுன்னா எண்ணெய் போடணும். போடலைன்னா துருப்பிடிச்சு இறுகிடும். நாமெல்லாம் பராமரிப்பு ஆளுங்க. நம்ம பூட்டே இறுகிப்போச்சுன்னா வெளியில சிரிப்பாங்க. எல்லாரும் கழட்டி எண்ணெய் போட்டுட்டு உடனே மாட்டிடலாம்."

வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத வாதத்துக்கு அந்தக் கூட்டம் கட்டுப்படும். அதுதான் அவர்களுடைய பலவீனம். வெல்டர் கழற்றினார். எலெக்ட்ரீஷியன் கழற்றினான். அக்கா கழற்றினார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றினாள். அவர் தன்னுடையதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பித்தளைப் பூட்டு மட்டும் தனியாகத் தொங்கியது.

மனைவி முன்னறைக்குப் போய்த் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தார். நீண்ட மூக்கு உள்ள குப்பி. சாவித் துளையில் மூக்கை நுழைத்து ஒரு சொட்டு விட்டார். வளையத்தின் அடியில் ஒரு சொட்டு. துணியால் துடைத்தார்.

"எண்ணெய் போட்டாச்சு. திறக்காமலே போடலாம். உங்க மேஸ்திரி சொல்லித் தரலையா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெல்டருக்குப் புரை ஏறியது. ஐந்து பூட்டும் திரும்ப மாட்டப்பட்டன. அவரும் சிரித்தார். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் எல்லோரும் போன பிறகு மனைவியிடம் கேட்டார்.

"திறந்திருந்தா நான் எடுத்திருப்பேன்னு நினைச்சியா?"

"எடுத்திருப்பீங்க."

"அவ்வளவுதானா என் மேல நம்பிக்கை?"

"உங்க மேல இருக்கு. அந்தப் பாக்கெட் மேல இல்ல."

மாதங்கள் போயின. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தார். கைப்பைக் கடை முன்னால் நிற்கவில்லை. திரும்பிப் போய்க் கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் வாழ்த்தினாள். வியாபாரம் போச்சே சார் என்றும் சொன்னாள். அடுத்த முறை போனபோது டாக்டர் பாதத்தில் விரலை வைத்தார், அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "வருது. விட்டுடாதீங்க. ஒண்ணே ஒண்ணுன்னு ஆரம்பிச்சாலும் பழையபடி அடைக்கும்" என்றார்.

பிறகு ஒரு புதன்கிழமை.

அவர் பெரிய ரோலருக்கு அடியில் இருந்தார். மேனேஜர் ஓடிவந்தார். மேனேஜர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வீட்டில் மனைவி தைத்துக்கொண்டே மெஷின்மேல் சாய்ந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், உடனே கிளம்புங்கள். அவர் வெளியே வந்தார். ஸ்விட்சில் அவருடைய பூட்டு இருந்தது. சாவியை எடுத்தார். துளையில் போகவில்லை. திரும்ப முயன்றார். போகவில்லை.

"கொடுங்கண்ணே, நான் திறக்கறேன்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"என் பூட்டு" என்றார். அவரே திறந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். வீட்டில் தையல் மெஷினின் ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றிருந்தது. அந்தத் தையலை யாரும் தொடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் வெல்டர் வந்தார். கொஞ்ச நேரத்தில் எலெக்ட்ரீஷியன் வந்தான். பிறகு கேன்டீன் அக்கா. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொண்டு வரவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சிம்னி மகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தார். எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

வெல்டர்தான் முதலில் எழுந்தார். பெட்டியை இறக்கி நடுவில் வைத்தார். தன் சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள்யா" என்றார். "யாரு என்ன சொல்லப் போறா."

எலெக்ட்ரீஷியன் ஏற்கனவே சாவியைக் கையில் வைத்திருந்தான். அக்காவும் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் ஒரே தப்பைத் தனித்தனியாக யோசித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மகளும் சாவிக் கொத்தை எடுத்தாள். எது எவ்வளவு பாரத்தில் உடையும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அப்பாவைப் பற்றி அவள் போட்ட கணக்கு அதுதான். அவளும் திறந்தாள்.

சிம்னியும் தன் பூட்டைத் திறந்தார். வேலையில் முதல் பூட்டைப் போடுபவரும் கடைசிப் பூட்டைத் திறப்பவரும் அவர்தான். அன்று முறை மாறியதை யாரும் சொல்லவில்லை.

பித்தளைப் பூட்டு தொங்கியது. பழுப்புக் கைப்பை ஆணியில் மாட்டியிருந்தது. சாவி அதற்குள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெல்டர் வண்டியில் கம்பி வெட்டும் கத்தரி இருந்தது. அதையும் அவர் கொண்டுவந்திருந்தார் என்பதை அவர் வாசல் பக்கம் பார்த்த பார்வையிலேயே சிம்னி புரிந்துகொண்டார்.

எலெக்ட்ரீஷியன்தான் வாயைத் திறந்தான். அவனுக்கு வேறு மொழி தெரியவில்லை. வேலை மொழியில் சொன்னான்.

"அண்ணே, முறைப்படி பாத்தா... எல்லாரும் இருக்கோம். எல்லாருக்கும் சரிதான். அண்ணி... உள்ள இல்லண்ணே."

அவர் பெட்டியை மடிக்கு இழுத்தார். அவருக்கு ஒன்று வேண்டும்போல இருந்தது. பொய் சொல்ல முடியாது. பல் வேரிலிருந்து விரல் நுனி வரைக்கும் வேண்டும்போல இருந்தது. இப்போது எடுத்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்கும் சொல்ல மாட்டார்கள். மனைவி போன துக்கத்தில் பிடிக்கிறார் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கால் போனாலும் அதையே சொல்வார்கள். இதைவிட வசதியான காரணம் இனி கிடைக்கப்போவதில்லை.

பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. புதிது. போன வாரத்திலோ முந்தின வாரத்திலோ போட்டது.

"உங்கம்மா இதை எப்போ போட்டா?" என்று மகளிடம் கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. ஊரில் இல்லாதவளுக்கு எப்படித் தெரியும்.

எண்ணெய் ஒட்டிய விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு வெல்டரைப் பார்த்தார்.

"யோவ், உன் பூட்டு எங்க?"

"இங்க இருக்கு."

"மாட்டு."

"இன்னைக்கு ஒரு நாள்…"

"மாட்டுய்யா. அவ உள்ள இல்லைன்னு இவன் சொல்றான். போய்ப் பாத்தானா? இந்த வீட்ல எந்தச் சட்டையை எடுத்தாலும் அவ கை வச்ச இடம் சதுரமா இருக்கு. உறுதி பண்ணாம எப்படி வெட்டுவ?"

எலெக்ட்ரீஷியன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே பூட்டை மாட்டினான், தலைகீழாக. சாவித் துளை மேலே பார்த்தது. அவர் அவன் மண்டையில் லேசாகத் தட்டி, நேராக மாட்டச் சொன்னார். அக்கா மாட்டினார். வெல்டர் மாட்டினார். மகள் மாட்டினாள். கடைசியாக அவர் மாட்டினார்.

அக்கா அடுப்படிக்குப் போய் வெள்ளரிக்காயைத் தேடினார். இல்லை. ஒரு கேரட்டை நறுக்கிக்கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருதரம் தட்டினார்.

மகள் அந்த மாதம் ஊருக்குப் போகவில்லை. ஒருநாள் அவர் புதுச் சட்டை ஒன்றோடு வந்தார். மேனேஜர் கொடுத்தது, ஆறுதலுக்காக. நெஞ்சில் பெரிய பை இருந்தது.

"இதை எடுத்துடும்மா."

"எனக்குத் தைக்கத் தெரியாதேப்பா."

"தைக்கச் சொல்லல. பிரிக்கத்தான் சொல்றேன். பாலம் கட்டுறவளுக்குப் பை பிரிக்கத் தெரியாதா?"

அவள் முன்னறையில் உட்கார்ந்து அம்மாவின் சின்னக் கத்தரியை எடுத்தாள். தையலை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும் என்று தெரியும். மூன்று பக்கம் சரியாகப் போயிற்று. நாலாவது பக்கத்தில் கண்ணில் தண்ணீர் மறைத்தது. கத்தரி பையோடு சட்டையையும் சேர்த்துக் கடித்துவிட்டது. விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அவர் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் மகளையும் பார்த்தார்.

"உங்கம்மா பாத்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா?"

"என்ன?"

"இவளுக்கா பாலம் கட்டக் கொடுத்தாங்கன்னு கேட்டிருப்பா."

மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எலெக்ட்ரீஷியன் ஓட்டையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, சிம்னிக்கு இப்பத்தான் ஓட்டை போட்டிருக்காங்க போல. புகைய நிறுத்தின பிறகு."

அவர் ரோலரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். கையை நீட்டினார். வெள்ளரித் துண்டு வந்தது. அதைக் கடித்துத் தின்றுவிட்டு, திரும்பவும் கையை நீட்டினார்.

"ஸ்பேனர்டா" என்றார்.